மூன்றாம் ஆண்டுக்குப் பிறகுதான் வேலை: சென்னையில் 20 சென்ட் நகரக் காடு

சென்னையைச் சுற்றி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். இடிபாடு கொட்டிக் கிடக்கும். மழைக்குத் தண்ணீர் தேங்கும். அப்படி ஒரு 20 சென்ட் நிலத்தை, சுமார் 810 சதுர மீட்டரை, காடாக்கும் வேலையின் பதிவு இது. மண் தயாரிப்பிலிருந்து 12ஆம் ஆண்டு வரை வரிசையாகச் சொல்கிறோம். நடவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நட்ட மரத்தில் எதை, எப்போது, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஆகவே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

முதலில் முடிவு செய்ய வேண்டியது 15ஆம் ஆண்டில் எத்தனை மரம் நிற்கும் என்பதை. நாவல், இலுப்பை, நீர்மருது போன்ற பெரிய மரம் நன்றாகக் குடை விரிக்க மரத்துக்கு மரம் 7 மீட்டராவது வேண்டும். ஒரு மரத்துக்கு 49 சதுர மீட்டர். 810 சதுர மீட்டரில் 16 மரம் வரும். பாதையும் விளிம்பும் போனால் 13. அவற்றின் கீழே நடுத்தர மரங்கள் 55 முதல் 60. ஆக, நிலையாக நிற்கப்போவது சுமார் 70 மரம். அதற்குமேல் அந்த நிலம் தாங்காது.

ஆனால் 70 கன்றை மட்டும் நட்டால் வெயிலும் களையும் சேர்ந்து பாதியைக் கொன்றுவிடும். எனவே 1.5 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். பாதை, விளிம்பு கழித்து 300 கன்று. இதில் பெரிய மர வகைகள் 40, அதாவது ஒவ்வொரு நிலையான இடத்துக்கும் மூன்று கன்று. நடுத்தர மரங்கள் 120. மீதி 140 துணை மரங்கள்: நிழல் கொடுத்து, மண்ணை மூடி, வேலை முடிந்ததும் வெளியேற வேண்டியவை.

மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று நடுவார்கள். இதே நிலத்தில் 2,400 முதல் 4,000 வரை போகும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் நெருக்கத்தில் தோற்கும் கன்றுகள் தாமாகவே செத்துக் காடு தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும், அதாவது நெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆளில்லாத சரிவில் அது நடக்கட்டும். புயல் அடிக்கிற கரையில், கீழே குழந்தைகள் விளையாடுகிற இடத்தில், ஒல்லி ஒல்லியாக வளர்ந்த பல நூறு மரங்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் வரை காத்திருக்க முடியாது. பராமரிப்பு ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு, மூன்று ஆண்டில் முடிகிறது. நெருக்கத்தின் தொல்லை தொடங்குவதும் அப்போதுதான்.

மே, ஜூன்: மண்

சென்னையில் ஒரே மண் கிடையாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். கிண்டியைச் சுற்றிப் பாறை. பழைய ஏரி இருந்த பகுதிகளில் களிமண். யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் நிலத்தில் மூன்று இடத்தில் குழி எடுத்துப் பாருங்கள். ஒன்றரை அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் நல்லது. மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே குழி நடவு வேண்டாம். ஓர் அடி உயர மேடு போட்டு மேட்டில் நட வேண்டும்.

இடிபாட்டில் செங்கல், ஜல்லி இருப்பது பெரிய சிக்கல் இல்லை. சிமென்ட் கலவையும் சுண்ணாம்பும்தான் சிக்கல். மண்ணின் கார அமில நிலை (pH) 8.5க்கு மேல் ஏறினால் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அறிகுறி தெளிவாகத் தெரியும்: இளம் இலை வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். இதைப் பார்த்து யூரியா போட்டால் பயனில்லை. சிமென்ட் கட்டிகளை முதலிலேயே அள்ளி வெளியேற்றுவதுதான் வழி. முழுக்க முடியாவிட்டால் அந்தப் பகுதியைப் பாதைக்கு ஒதுக்குங்கள்.

லாரி ஓடி இறுகிய மண்ணை ஜேசிபியின் பல்லால் இரண்டடி ஆழத்துக்குக் கிளறிவிட வேண்டும். மண் காய்ந்திருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ஈரத்தில் இயந்திரம் இறங்கினால் இறுகல் இன்னும் ஆழத்துக்குப் போகும். மேல்மண் இருந்தால் தனியாக ஒதுக்கி வைத்து மறுபடி மேலே பரப்ப வேண்டும்.

முழு நிலத்தையும் மூன்றடி தோண்டி உரமும் தென்னைநார்க் கழிவும் நிரப்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கலவை மக்க மக்க நிலம் அமரும், மரத்தின் கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) புதையும். களிமண்ணில் அந்தப் பள்ளம் ஒரு தொட்டியாகிவிடும்: மழைநீர் உள்ளே நிற்கும், வேரும் சத்து இருக்கிற இடத்தைவிட்டு வெளியே போகாது. எட்டு மீட்டர் மரம் மூன்றடிக் கலவையை மட்டும் பிடித்து நின்றால் புயலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் கடைசி: முதல் நடவு

சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. செப்டம்பர் கடைசி வாரத்தில் நட்டால் வேர் பிடித்த பிறகு பெருமழை வரும். தண்ணீர் தேங்கும் மூலையை மட்டும் விட்டுவைத்து டிசம்பரில் நடலாம்.

கன்று இரண்டு, மூன்றடி உயரம் போதும். எட்டடிக் கன்று பார்க்க அழகு. ஆனால் நர்சரியில் பையிலேயே நாள்பட்டு வேர் சுருண்டிருக்கும். வாங்கும்போது ஒவ்வொரு வகையிலும் ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். பையின் அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தத் தொகுதியே வேண்டாம். லேசான சுருளாக இருந்தால் நடும்போது கத்தியால் இரண்டு பக்கமும் கீறி அறுத்துவிடுங்கள். அறுக்காமல் நட்டால் அந்தச் சுருள் தடிக்கும், ஏழெட்டு ஆண்டில் தன் அடிமரத்தையே நெரிக்கும். நன்றாக வளர்ந்த மரம் காரணமே தெரியாமல் காற்றில் அடியோடு சாய்கிறது என்றால் முதலில் அடியில் பார்க்க வேண்டியது இதை.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. எடுத்த மண்ணில் கால் பங்கு மக்கிய தொழுவுரம் கலந்தால் போதும். அரைகுறையாக மக்கிய சாணம் வேண்டாம். காண்டாமிருக வண்டின் புழு அதில்தான் இருக்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரை மட்டத்துக்குச் சற்று மேலே தெரிய வேண்டும்.

எந்த ஒரு வகையும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேம்பு இதற்கு நல்ல பாடம்: நுனிக் கருகல் தாக்கும்போது தெரு முழுக்க வேம்பாக இருந்தால் தெருவே காய்ந்து நிற்கிறது. பெரிய மரத்துக்கு நாவல், இலுப்பை, வாகை, வேம்பு, அத்தி. தாழ்ந்த பக்கத்தில் நீர்மருது. கடலோர மணலில் புன்னை. நடுத்தரத்துக்கு மகிழம், சரக்கொன்றை, வெட்பாலை, பிராய், நறுவிலி, மாவிலங்கம், உசிலை. துணைக்கு அகத்தி, நொச்சி, பூவரசு, புங்கன் போன்றவை. அகத்தி மிக நல்ல துணை: விரைவாக உயர்ந்து சல்லடை நிழல் தரும், மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், சில ஆண்டில் தானே ஓய்ந்துவிடும். ஆடு புகாத வேலி மட்டும் வேண்டும். ஆலும் அரசும் இந்த அளவு நிலத்துக்கு வேண்டாம். சுவரிலிருந்தும் சாக்கடைக் குழாயிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ள முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நட்ட அன்றே மூடாக்கு. காய்ந்த இலை, சருகு 10 செ.மீ. கனத்துக்கு. 810 சதுர மீட்டருக்கு 81 கன மீட்டர், அதாவது 28 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரே நாளில் கிடைக்காது. இரண்டு மூன்று தவணையாக நிரப்புங்கள். தெருவில் பெருக்கிய சருகு என்றால் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிய பிறகே உள்ளே வர வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

முதல் மூன்று கோடை

பிப்ரவரி முதல் ஜூன் வரை கன்றுக்கு வாரம் இருமுறை பத்து லிட்டர். ஒரு சுற்றுக்கு 3,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று சுற்றுக்கு வரும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது கெடுதல், வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாம் கோடையில் வாரம் ஒரு முறை, மூன்றாம் கோடையில் இலை வாடினால் மட்டும்.

ஊன்றுகோல் கட்டினால் சணல் கயிற்றில் தளர்வாக, எட்டு வடிவில். ஓர் ஆண்டில் அவிழ்த்துவிட வேண்டும். கன்று காற்றில் ஆடினால்தான் அடி தடிக்கும். மறந்துபோன கம்பிக்கட்டு பட்டைக்குள் புதைந்து மரத்தை அறுப்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

களையில் கோரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். ஆனால் நிழல் விழுந்தால் தானே ஒழியும். சீமைக் கருவேலம், சவுண்டல், உண்ணிச்செடி மூன்றையும் விடாதீர்கள். மழை ஈரத்தில் கையளவு இருக்கும்போதே வேரோடு வந்துவிடும். தரை மட்டத்தில் அறுத்தால் கருவேலம் பல தண்டாகத் துளிர்க்கும். கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும்.

நான்காம் ஆண்டு முதல்: கலைத்தல்

மூன்றாம் ஆண்டு முடிவில் குடைகள் ஒன்றையொன்று தொடும். பார்க்கிறவர்கள் ‘காடு வந்துவிட்டது’ என்பார்கள். உள்ளே குனிந்து பார்த்தால் வேறு விஷயம் தெரியும்: கீழ்க்கிளை காய்ந்திருக்கும், இலைகள் உச்சியில் மட்டும் இருக்கும், மகிழமும் பிராயும் புங்கன் நிழலில் அப்படியே நின்றுபோயிருக்கும். இப்போது கை வைக்காவிட்டால் இந்தக் காட்டில் புங்கனும் பூவரசும் மட்டுமே மிஞ்சும்.

எதை எடுப்பது என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பால் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். உயரத்தையும் செ.மீ. ஆக்கி விட்டத்தால் வகுங்கள். சுற்றளவு 19 செ.மீ. என்றால் விட்டம் 6. உயரம் 6 மீட்டர் என்றால் விகிதம் 100. விகிதம் 80ஐத் தாண்டினால் மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்துதான் நிற்கிறது என்று பொருள். அதைத் தனியே விட்டால் காற்று ஒடித்துவிடும்.

செய்முறை இப்படி. முதலில் வைத்துக்கொள்ள வேண்டிய மரத்துக்கு வெள்ளைப் பட்டை அடியுங்கள். வெட்ட வேண்டியதற்கு அல்ல. ஒவ்வொரு நிலையான இடத்திலும் உள்ள மூன்று கன்றில் அடி தடித்தது, ஒற்றைத் தண்டு உள்ளது, கிளை பல உயரத்தில் பரவியது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரமானது எப்போதும் நல்லதல்ல. ஆங்கில ‘வி’ எழுத்துப் போல நெருங்கிய கவை, நடுவில் பட்டை மடிந்திருந்தால் அது என்றாவது பிளக்கும், வேண்டாம். பிறகு அந்த மரத்தின் குடையை நேராக நெருக்குகிற ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். தூரத்தில் கீழே தேங்கி நிற்கும் சின்னது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அது இருக்கட்டும், மண்ணை மூடும்.

ஒரு தடவையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் 300 என்பது நான்காம் ஆண்டில் 225, ஆறில் 169, எட்டில் 127, பத்தில் 95, பன்னிரண்டில் 71. தொடக்கத்தில் போட்ட 70 கணக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. தானாகச் செத்த அகத்தியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலம் முக்கியம்: ஜனவரி, பிப்ரவரி. அப்போது எடுத்தால் மிஞ்சிய மரம் அக்டோபர் வரை வெளிச்சம் வாங்கி அடியைத் தடிக்க வைக்கும். செப்டம்பரில் ‘மழைக்கு முன் சுத்தம்’ என்று கலைப்பது மிக ஆபத்தானது. அண்டை மரத்தின் தாங்கலை இழந்தவுடனே புயல் வந்து நிற்கும்.

வேரோடு பிடுங்க வேண்டாம், பக்கத்து மரத்தின் வேர் அறுபடும். தரையை ஒட்டி ரம்பத்தால் அறுத்தால் போதும். புங்கன், பூவரசு, வாகை மறுபடி துளிர்க்கும். துளிரை அடுத்த இரண்டு மழையில் கிள்ளிவிட்டால் ஓயும். புதர் அடுக்கு குறைவாக இருக்கும் இடத்தில் துளிரை நான்கடிப் புதராகவே வைத்துக்கொள்ளலாம். நொச்சியை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அறுத்த தண்டைப் பாதையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையோடு கிடத்தினால் இரண்டு மழையில் மக்கத் தொடங்கும். பூரானும் தேளும் ஓணானும் அங்கே குடியேறும்.

இனி அனுமதி. பொது நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நான்காம் ஆண்டில் போய்த் திடீரென்று 75 மரம் வெட்டுகிறோம் என்றால் யாருக்கும் புரியாது. நடவுத் திட்டத்தைக் கொடுக்கும் நாளிலேயே ‘300இல் 70 நிலையானது, மீதி கட்டம் கட்டமாக எடுக்கப்படும்’ என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குடியிருப்போருக்கும் அதே வரைபடத்தை வாசலில் பலகையாக வையுங்கள். நட்ட கையால் கன்றுக்குப் பெயர் வைத்தவர்களும் இருப்பார்கள். எந்த மரத்துக்கு இடம் விடுவதற்காக எது போகிறது என்று மரத்தடியில் நின்று காட்டினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது, அவசரப்படுத்தக் கூடாது.

ஐந்தாம் ஆண்டு: இரண்டாம் நடவு

சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு வறண்ட பசுமைமாறாக் காடு. கிண்டி தேசியப் பூங்காவில் அதன் மிச்சம் இருக்கிறது. வீரை, காசா, பாலை, கருங்காலி, கொஞ்சி, காட்டு எலுமிச்சை எல்லாம் அந்தக் காட்டு மரங்களும் செடிகளும். இவை மெதுவாக வளரும், இளமையில் நிழல் கேட்கும். முதல் ஆண்டில் திறந்த வெயிலில் நட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். அதனால்தான் ‘நாட்டு மரம் வராது’ என்ற பேச்சு வந்தது. முதல் கலைத்தல் முடிந்த செப்டம்பரில், வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும் இடங்களில் 60, 70 கன்று வையுங்கள். ஆரோவில், புதுச்சேரி பக்கத்து நர்சரிகளில் இந்தக் கன்றுகள் கிடைக்கும். ஒரே வயதுக் கூட்டமாக நிற்கும் காடு ஒரே காலத்தில் கிழடாகும். இரண்டாம் நடவு, பத்தாம் ஆண்டில் மூன்றாம் நடவு என்று வயதைப் பிரித்து வைத்தால் ஒரு புயல் மேல் அடுக்கை எடுத்தாலும் கீழே அடுத்த அடுக்கு நிற்கும்.

குடை மூடிய பிறகு கொண்டைக்குருவியும் வௌவாலும் விதை கொண்டுவரும். வேம்பும் நாவலும் தானாக முளைக்கும், கூடவே உண்ணிச்செடியும். களையெடுக்கும் ஆளுக்கு முளையிலேயே அடையாளம் தெரிய வேண்டும். தெரியாதவர் கையில் மண்வெட்டி கொடுத்தால் பறவை நட்ட காடு ஒரே காலையில் போய்விடும்.

விளிம்பும் பாதையும்

விளிம்பில் இடைவெளி இருந்தால் மறுநாளே குப்பை விழும். களாவும் காரையும் இரண்டு வரிசையாக, இரண்டடிக்கு ஒன்று நட்டால் மூன்றாம் ஆண்டில் யாரும் நுழைய முடியாத வேலி. மின்கம்பிக்குக் கீழே கொஞ்சி, ஆடாதோடை, நொச்சி மட்டும். பெரிய மரத்தை அங்கே வைத்தால் ஒரு பக்கம் மட்டுமே வெட்டுவார்கள், எடை மறுபக்கம் சாயும்.

பாதை ஐந்தடி, மண் பாதை. இரு பக்கமும் இரண்டு மீட்டருக்கு இரண்டடிக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. மேலே கிளை எட்டடிக்கு உயர்த்தியிருக்க வேண்டும். முன்னே 10, 15 மீட்டராவது பார்வைக்குத் தெரியாத பாதையில் மாலையில் பெண்கள் நடக்க மாட்டார்கள். அவர்கள் வராத பசுமை வெளியைக் குடிகாரர்கள் எடுத்துக்கொள்வார்கள். சருகைப் பெருக்கி எரிப்பதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். தெருவை ஒட்டிய ஒன்றரை மீட்டரில் மட்டும் சருகை அகற்றி உள்ளே தள்ளினால் தீ பரவாது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னைத் தெருக்களில் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் வரிசையாக விழுந்தன. மரத்தின் குணம் ஒரு காரணம். அடியில் சிமென்ட் பூசியதும், கேபிளுக்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டி வேரை அறுத்ததும் மற்றக் காரணங்கள். எனவே ஆகஸ்டில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். சாய்ந்த மரத்தின் எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழுந்திருந்தால் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. உடனே கயிறு கட்டி மறித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வந்தால் உள்ளே அழுகல். மரச்சுத்தியால் தட்டினால் ஓட்டையான இடம் ‘டொக்’ என்று வேறு ஒலி தரும்.

கிளையை வெட்டும்போது மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதைவிடச் சற்றுத் தள்ளி மேலிருந்து முழுவதும். பிறகு மிஞ்சிய கட்டையைக் கிளையின் அடிக் கழுத்துக்கு வெளியே ஒரே சீராக. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையை இரண்டு அடிக்கு உரித்துக்கொண்டு வரும். கழுத்தையே சேர்த்து அறுத்தால் காயம் ஆறாது. தாரும் பெயின்டும் தேவையில்லை. ஓர் ஆண்டில் குடையின் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உச்சியை மொட்டையடிக்கவே கூடாது. மொட்டையடித்த இடத்தில் வரும் துளிர்கள் மேல் பட்டையை மட்டும் பிடித்து நிற்கும், நான்கைந்து ஆண்டில் கனத்துக் கிழியும்.

மரத்துக்கு அலுமினிய எண் தகடு, ஒரு நோட்டு, ஜனவரியில் சுற்றளவு, ஆகஸ்டில் சோதனை. ஒப்பந்தக்காரர் மாறினாலும் சங்க நிர்வாகி மாறினாலும் அந்த நோட்டு கை மாற வேண்டும். எந்தக் கன்று எப்போது நட்டது, எது வைத்துக்கொள்ள வேண்டியது என்பது அதில் இல்லாவிட்டால் எட்டாம் ஆண்டில் புதிதாக வருகிறவர் வெள்ளைப் பட்டை அடித்த நாவலை வெட்டிவிட்டுப் பூவரசை வைத்துக்கொள்வார்.